இனாம் ரிஜிஸ்தரில் மறைந்த தலைமுறை

கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இடம்பெறாத ஒரு கொல்லருக்கோ தச்சருக்கோ வம்ச வரலாறு எழுதப் புகுவோர், 1858இல் அமைந்த இனாம் கமிஷன் ஊர்தோறும் மானியங்களை விசாரித்துத் தயாரித்த ரிஜிஸ்தரையே பெரிதும் நம்பி வந்திருக்கின்றனர். அந்த நம்பிக்கை ஆதாரமற்றதன்று. ஆயினும், அதில் காணும் மூல மானியதாரர், பழைய கணக்கில் பதிவானவர், அன்றைய அனுபவதாரர் ஆகிய மூவரையும் வரிசையாக அடுக்கி, உறவுமுறைப் பத்தியில் எழுதியதை அப்படியே இரத்த உறவாகக் கொண்டு, மூன்று தலைமுறை கிடைத்துவிட்டதென முடிவு கட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

பசலி 1210ஆம் வருஷக் கணக்கில், அதாவது 1800–01இல், ஒரு கொல்லருடைய பெயர் மானியதாரராக நிற்கிறதென்றும், 1862 விசாரணையில் அதே பெயருடைய ஒருவர், வயது 40, பழைய பதிவுதாரரின் மகன் என எழுதப்பட்டிருக்கிறாரென்றும் வைத்துக்கொள்வோம். நமது குடும்பங்களில் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவதே மரபாதலாலும், தந்தையின் பெயரை மகனுக்கு இடுதல் அரிதாதலாலும், அந்த 'மகன்' என்ற சொல்லே நம்மை ஐயுறச் செய்தல் வேண்டும். 1822இல் பிறந்தவரென்று கணக்கிடத்தக்க அவர், தாம் பிறப்பதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே மானியம் அனுபவித்த ஒருவருக்குப் பேரனாக இருத்தலே இயல்பு. அக்காலத்தில் வயதை ஐந்து பத்தாக உத்தேசித்து எழுதினர் என்பது மெய்யே. எனினும் பத்தாண்டு கூட்டினாலும் இம்முடிவு அசைவதில்லை. நிலத்தை உழுது, உலையை ஊதி, ஊருக்குக் கொழு அடித்துக் கொடுத்த நடுத்தலைமுறையினர், கணக்கில் பெயர் மாற்றப்படாமையாலேயே வரலாற்றிலிருந்து விடுபட்டுப் போயினர். இறந்த பாட்டனார் பெயரிலேயே இன்றும் பட்டா கிடக்கும் குடும்பங்களை அறிந்தவர்க்கு இது வியப்பளியாது.

விசாரித்த உத்தியோகஸ்தர்களுக்கு வேண்டியிருந்தது பாத்தியதைக்குரிய பிரமாணமேயன்றி வம்சாவளி அன்று என்பதையும் மறத்தலாகாது. சந்ததி அற்றால் சர்க்காரைச் சேரத்தக்க மானியங்களைப் பற்றி எழுந்த கேள்விக்கு, சுவீகார புத்திரனும் மகன் என்றே விடை பகர்ந்திருப்பான். அதில் வஞ்சனை ஏதுமில்லை. தந்தை இறந்தபின் பிறந்த பிள்ளைக்கு அவர் பெயரையே இடுவதுண்டே என்பர். அது விதிவிலக்கு, அதன்மேல் விதியை எழுப்ப முடியாது. கிராமக் கணக்குப்பிள்ளை அனைவரையும் நேரில் அறிவாரே என்னும் வாதமும் நிற்காது. அவரே மானியதாரராகையால், பிறர் உரிமையைக் கிளறுவதில் அவருக்கு ஆதாயமில்லை.

ஆகவே, இப்பதிவேட்டில் உறுதியாகக் கொள்ளத்தக்கவர் விசாரணை நாளில் உயிரோடிருந்த அனுபவதாரர் ஒருவரே என்பது என் துணிபு. அவரிடமிருந்து பின்வந்த செட்டில்மென்டுப் பதிவுகளையும், 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுதப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுகளையும் கொண்டு கீழிறங்குவதே முறை. மேலே செல்லுங்கால், பழைய பெயருக்கும் அவருக்கும் இடையே ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டே வம்சப் படத்தை வரைதல் வேண்டும்.