விறகுக் கட்டின் கணக்கு

இந்திய கிராமத்தின் எரிபொருளைப் பற்றிய ஆராய்ச்சி வெகுகாலம் சாணத்தையும் அடுப்பையும் வாயுவையும் பற்றியே நடந்துவந்தது. அந்த அடுப்பின் முன் குந்தி ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தவளையும், தலையில் சும்மாடு வைத்து விறகுக் கட்டைச் சுமந்து வந்தவளையும் தன் கணக்கின் உட்பொருளாக ஏற்றுக்கொள்ள அதற்கு முக்கால் நூற்றாண்டுக்குமேல் பிடித்தது. அந்தத் தாமதம் எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு ஓரளவேனும் நீங்கியது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

வரலாறு சாணத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ராயல் விவசாய சங்கத்தில் ரசாயன ஆலோசகராக இருந்த வோல்க்கர், 1889இன் இறுதியில் இந்நாட்டுக்கு வந்து, மாகாணந்தோறும் சுற்றிப் பார்த்து, 1893இல் வெளியிட்ட அறிக்கையில், குடியானவன் வறட்டி தட்டி எரிப்பது அறியாமையினாலன்று, விறகு கிடையாமையினாலேயே என்று எடுத்துரைத்து, விறகுக்கும் தீவனத்துக்குமெனத் தனியே காடுகளை ஒதுக்கி வளர்ப்பதே பரிகாரம் என்று சிபாரிசு செய்தார். கடல் கடந்து வந்த நிபுணர் ஒருவர் உழவனின் செயலுக்கு அவன் நிலையில் நின்று காரணம் தேடியது அக்காலத்தில் அபூர்வமான காரியமே. ஆயினும் அவர் கண்ணும் வயலின்மீதே இருந்தது. எரிந்துபோகும் ஒவ்வொரு வறட்டியும் அவருக்கு நிலத்துக்குச் சேராமற்போன எருவாகத் தோன்றியதேயன்றி, அதை எரித்தவளின் கண்ணெரிச்சலாகத் தோன்றவில்லை. 1928இல் வெளிவந்த ராயல் விவசாயக் கமிஷனின் அறிக்கையும் இதே முறையீட்டைத்தான் மீண்டும் சொல்லிற்று.

சாணத்தை எரிக்கவும் வேண்டும், எருவாக இடவும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் ஒரே பாத்திரத்தில் நிறைவேறக்கூடும் என்ற எண்ணம் ஆராய்ச்சிச்சாலையில் பிறந்தது. 1897ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் கழிவிலிருந்து எடுத்த வாயுவைக் கொண்டு விளக்கேற்றிப் பார்த்திருந்தார்கள். டில்லியின் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் 1939இல் சாணத்தை வைத்தே பரிசோதனை நடத்தினார். பிறகு 1951இல் ஜஷ்பாய் படேல் 'கிராமலக்ஷ்மி' என்று பெயரிட்ட சாதனத்தை அமைத்தார்: கிணறுபோல் தோண்டிக் கட்டிய தொட்டியில் சாணமும் தண்ணீரும் சம அளவிற் கரைத்து ஊற்றினால், அதன்மேல் கவிழ்த்திருக்கும் இரும்புக் கலம் வாயு சேரச் சேர மேலெழும்பி, எரிக்க எரிக்கத் தாழ்ந்துகொண்டே வரும், வீட்டுக்காரி அடுப்பங்கரை வாசலில் நின்றபடியே கலத்தின் உயரத்தைப் பார்த்து, இன்றைக்குப் பருப்பு வேகுமா வேகாதா என்று சொல்லிவிடலாம். கதர் கிராமக் கைத்தொழில் கமிஷன் 1960களின் தொடக்கத்தில் இதை ஏற்று நாடெங்கும் பரப்ப முற்பட்டது.

அடுப்பின் ஆராய்ச்சி இதற்கு இணையாக வேறொரு வழியில் சென்றது. தஞ்சாவூரிற் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் பெயரோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்த வார்தாவின் மகன்வாடியிலிருந்து 1947இல் 'மகன் சூலா' என்னும் அடுப்பு வந்தது. ஹைதராபாத் எஞ்சினீயரிங் ஆராய்ச்சிச்சாலையில் எஸ். பி. ராஜு உருவாக்கிய புகையில்லா அடுப்பு 1950களில் பரவலான பேச்சாயிற்று. புகைபோக்கி வைத்த மண்ணடுப்புதான். ஆனால் சமைப்பவளை முன்னிட்டுச் செய்யப்பட்ட முதற் சில ஆராய்ச்சிகளுள் இவற்றுக்கு இடமுண்டு. சாண வாயுக்காரர்களும் அடுப்புக்காரர்களும் ஒருவர் ஏட்டை ஒருவர் படித்ததாகத் தெரியவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

சாண வாயுவில் ஒரு பொருளாதாரச் சிக்கல் ஆதியிலிருந்தே இருந்தது. ஒரு குடும்பத்தின் சமையலுக்குப் போதிய வாயுவுக்கு நாலைந்து மாடுகளின் சாணம் வேண்டும். இரும்புக் கலத்துக்குப் பணம் வேண்டும். தொட்டி கட்டக் கொல்லை வேண்டும். இம்மூன்றும் உடையவன் ஊரில் யார் என்று சொல்லத் தேவையில்லை. அதற்குமேல், வண்டித்தடத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் கிடந்த சாணத்தைக் கூடையிற் பொறுக்கி வறட்டி தட்டி அடுப்பெரித்தவர்களுக்கு, சாணத்துக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டவுடன் அதுவும் எட்டாப் பொருளாகும் அபாயம் உண்டு. தெருவிற் கிடந்தவரையில் எல்லோருக்கும் பொதுவாயிருந்த ஒன்று, விஞ்ஞானத்தின் கைபட்டதும் சொத்தாகிவிடுகிறது. மானியம் கொடுத்து வீட்டுக்கு வீடு கலம் கவிழ்க்கும் திட்டங்களின்மீது பொருளாதார அறிஞர்கள் பிற்காலத்தில் கூறிய ஆட்சேபங்களுள் இதுவே கனமானது என்பது என் அபிப்பிராயம்.

1973இன் இறுதியில் பெட்ரோலிய எண்ணெயின் விலை சில மாதங்களுக்குள் ஏறக்குறைய நான்கு மடங்காக உயர்ந்தபோது, உலகமெங்கும் சக்திப் பஞ்சத்தைப் பற்றி நூல்களும் மாநாடுகளும் பெருகின. அந்த ஆரவாரத்தினிடையே பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தில் 1974இல் ஒரு சிறு குழு தோன்றியது. விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் கிராமங்களுக்குப் பயன்படுத்துவதே அதன் நோக்கம். 'அஸ்திரா' என்பது அதன் சுருக்கப் பெயர். அதை முன்னின்று தொடங்கிய அமூல்ய ரெட்டி மின்வேதியியல் அறிஞர். அத்துறையில் உலகப் பல்கலைக்கழகங்கள் பாடமாக வைத்திருந்த பெரு நூலொன்றை பாக்ரிஸ் என்பவரோடு சேர்ந்து 1970இல் எழுதி வெளியிட்டவர். மின்வாய்களையும் அயனிகளையும் பற்றி எழுதிய கை, அடுத்த சில ஆண்டுகளிலேயே சாணத்தையும் சுள்ளியையும் எடைபோடத் தொடங்கிற்று.

அவர்கள் கர்நாடகத்தின் தும்கூர் ஜில்லாவைச் சேர்ந்த உங்ராவில் ஒரு நிலையம் அமைத்து, சுற்றியிருந்த ஊர்களை ஆராய்ந்தார்கள். அவற்றுள் புரா என்னும் சிற்றூரில் 1977இல் எடுத்த கணக்கே இத்துறையின் திருப்புமுனை. 56 வீடுகள், 357 ஜனங்கள். ஊருக்குள் வரும் சக்தி எது, எங்கிருந்து வருகிறது, எதில் செலவாகிறது, அதைக் கொண்டுவர யாருடைய உடம்பு எத்தனை நாழிகை உழைக்கிறது என்று நிரை நிரையாகக் கட்டம் போட்டு நிரப்பினார்கள். மனிதனின் உழைப்பும் எருதின் உழைப்பும் மண்ணெண்ணெயும் மின்சாரமும் விறகும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டு ஒரே பக்கத்தில் அமர்ந்தன.

அந்தப் பக்கம் சொன்ன செய்திகள் ஆச்சரியமானவை. மின்சாரம், மண்ணெண்ணெய் என்று காசுக்கு வாங்கும் சக்தி, உயிரற்ற சாதனங்களிலிருந்து பெறும் சக்தியில் நூற்றுக்கு 3 பங்குதான். மீதி 97 பங்கும் விறகு. ஆண்டுக்கு ஏறக்குறைய 217 டன் விறகு அச்சிற்றூரின் அடுப்புகளிலும் வெந்நீர்த் தவலைகளின் கீழும் எரிந்தது. அதில் விலைக்கு வாங்கியது நூற்றுக்கு 4 பங்கு மட்டுமே. மற்றதெல்லாம் 'இலவசம்'. இலவசத்தின் விலையையும் ஆராய்ச்சியாளர் எழுதினார்கள்: பத்துக் கிலோ விறகுக்காக ஒரு குடும்பம் நாள்தோறும் 2 முதல் 6 மணி நேரம், 4 முதல் 8 கிலோமீட்டர் வரையில் நடந்தது, தண்ணீருக்காக ஒன்றரை மணி நேரமும் 1.6 கிலோமீட்டரும் நடந்து, தலைக்கு 17 லிட்டர் கொண்டுவந்தது. விறகு பொறுக்கும் உழைப்பில் நாலில் ஒரு பங்கும், மாடு மேய்க்கும் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கும் குழந்தைகளுடையவை. மனித உழைப்பு முழுவதையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது பெண்கள் பங்கு 53, ஆண்கள் பங்கு 31, குழந்தைகள் பங்கு 16 என்று வந்தது.

மின்சாரத்தைப் பற்றிய பகுதி இன்னும் கூர்மையானது. சர்க்கார் ஏட்டில் புரா மின்சாரம் பெற்ற ஊர். நாளொன்றுக்கு அதற்குள் வந்தது 30 யூனிட். அதில் நூற்றுக்கு 65 பங்கை மூன்று நிலச்சுவான்தார்களின் நான்கு பம்புசெட்டுகள் இழுத்துக்கொண்டன. 28 பங்கு 14 வீடுகளின் விளக்குகளுக்குப் போயிற்று. எஞ்சிய 7 பங்கு மாவரைக்கும் மில் ஒன்றுக்கு. கம்பி ஊருக்கு வந்துவிட்டது. 42 வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது, அவ்விளக்குகளிலும் பெரும்பாலானவை கண்ணாடிச் சிமினிகூட இல்லாமல் கரி கக்கும் திரிவிளக்குகள். மின்சாரம் பெற்ற கிராமங்களின் தொகையைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த புள்ளிவிவர நூல்களுக்கு இதைவிடப் பொருத்தமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

கணக்குப் பார்த்தவர்கள் காரியத்திலும் இறங்கினார்கள். இறங்கித் தவறினார்கள் என்பதும் வரலாற்றுக்குரியதே. ஊருக்குப் பொதுவாகச் சாண வாயுக் கலம் கட்டி எல்லா வீடுகளுக்கும் சமையல் வாயு கொடுப்பதென்று முதலில் திட்டமிட்டார்கள்; எல்லா அடுப்புக்கும் ஈடுகொடுக்கச் சாணம் போதவில்லை. அப்பொழுதுதான் ஊராரின் முதல் தேவை குடிதண்ணீரும் விளக்கும் என்பது ஆராய்ச்சியாளருக்குத் தெளிவாயிற்று. அத்தனை நுட்பமாக அளந்த கணக்கில் 'உங்களுக்கு முதலில் எது வேண்டும்' என்ற கேள்விக்குக் கட்டம் இல்லாமற்போனதை எண்ணினால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. 1987 முதல் அந்த வாயுவைக் கொண்டு 5 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்றை ஓட்டி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரிறைத்துத் தெருக்குழாய்களுக்கு விட்டார்கள்; வீடுகளுக்கு விளக்கும் வந்தது.

காலையில் சாணக் கூடை நிறுக்கப்படும். கொண்டுவந்தவருக்குக் கிலோவுக்கு இரண்டு பைசா கூலி. அவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பார். வாயு பிரிந்தபின் வெளிவரும் கரைசலை மணற்படுகையில் வடித்து, பழைய சாணத்தின் பதத்துக்கே கொண்டுவந்து, கொடுத்தவருக்கே எருவாகத் திருப்பிக் கொடுத்தார்கள். வோல்க்கர் அஞ்சிய நஷ்டம் இந்த மணற்படுகையில்தான் தீர்ந்தது. அவருடைய அறிக்கைக்குத் தொண்ணூற்றுநான்கு ஆண்டு கழித்தே தீர்ந்தது, அதுவும் ஓரூரில். அவ்வூரிலும் அந்த ஏற்பாடு பல ஆண்டுகள் ஓடியபின் 1990களின் பிற்பகுதிக்குள் நின்றுபோயிற்று. ரெட்டி தாமே அதன் பாடங்களை 2004இல் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். தோல்வியையும் வெளிச்சத்தில் வைத்த ஆராய்ச்சியாளர் சிலரே. அவர் அவர்களுள் ஒருவர்.

நேரத்தையும் சுமையையும் அளந்தாயிற்று, மூச்சு எஞ்சியிருந்தது. கிர்க் ஸ்மித்தும் அவருடன் சேர்ந்தவர்களும் குஜராத்தின் நான்கு கிராமங்களில், சமைக்கும் பெண்களின் உடலிலேயே காற்றை உறிஞ்சும் கருவியைப் பொருத்தி, அடுப்பெரியும் நேரத்தில் அவர்கள் சுவாசிக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரி 7 மில்லிகிராம் அளவுக்குத் தூசியும் கரியும் மிதப்பதை 1983இல் வெளியிட்டார்கள். இதே வழியில் சென்னையின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 400க்கும் மேற்பட்ட வீடுகளில் அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, சமைப்பவளுக்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அப்புகையில் பங்குண்டு என்று காட்டிற்று. 1893இல் எருவில் தொடங்கிய விசாரணை 1983இல் நுரையீரலுக்கு வந்து சேர 90 ஆண்டுகள் ஆயின.

2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் ஏழை வீடுகளிலும் இன்று சிலிண்டர் இருக்கிறது; ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, புகையில்லாத எரிபொருளால் சமைக்கும் வீடுகள் இந்திய கிராமங்களில் நூற்றுக்கு 43.2 மட்டுமே. மீதி வீடுகளின் விறகை யார், எவ்வளவு தூரம், எத்தனை நாழிகை சுமக்கிறார்கள் என்பதை நம் பல்கலைக்கழக மாணவர்கள் தம் சொந்த ஊரிலேயே ஒரு தராசும் ஒரு கடிகாரமும் வைத்துக்கொண்டு ஓராண்டில் அளந்துவிடலாம். படிவத்தின் முதற் கட்டத்தை மட்டும், முதலில் எது வேண்டும் என்று விறகு சுமப்பவர்களைக் கேட்பதற்காக ஒதுக்கிவைக்கட்டும்.