வரிப்பள்ளமுள்ள சிலிக்கோன் பாலுறவுச் சாதனங்களின் தூய்மை

1. ஆய்வுப் பொருள்

இந்தச் சாதனங்களைப் பற்றி வெளிப்படையாகக் கேட்க நம்மில் பெரும்பாலோர் கூசுகிறார்கள். கேட்காமலே விடுவதால் எரிச்சலும் தொற்றும் உடலுக்குத்தான் வந்து சேர்கின்றன. சளிச்சவ்வைத் தொடும் மருத்துவக் கருவிகளுக்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் வேண்டும் என்று அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எர்ல் ஸ்பால்டிங் வகுத்தார். இச்சாதனங்கள் தொடுவதும் சளிச்சவ்வையே. 2021-இல் ஐ.எஸ்.ஓ. 3533 என்ற பன்னாட்டுத் தரநிலையும் இவற்றுக்கென வந்துவிட்டது. ஆகவே இதைக் கூச்சத்துக்குரிய செய்தியாக அல்லாமல் சுகாதாரச் செய்தியாகவே அணுக வேண்டும்.

2. பொருளின் இயல்பு

தரமான சிலிக்கோனில் கிருமி உள்ளிறங்கும் நுண்துளைகள் இல்லை. கொதிநீரையும் அது தாங்கும். டி.பி.இ. என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக், ஜெல்லி ரப்பர் முதலியவை அப்படியல்ல. அவற்றை எவ்வளவு கழுவினாலும் முழுத் தூய்மை கிடைக்காது. ஆணுறை போட்டே பயன்படுத்த வேண்டும்.

3. பள்ளத்தில் நடப்பது

சிக்கல் பொருளில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. வரிகளுக்கும் முகிழ்களுக்கும் இடையே உடல்நீரும் வழுக்குக் களிம்பும் தங்குகின்றன. காய்ந்தால் அவை மெல்லிய படலமாகி, உள்ளிருக்கும் நுண்ணுயிரிகளுக்குக் கவசமாகின்றன. அதன்மேல் கிருமிநாசினி ஊற்றினால் மேற்பரப்பு மட்டுமே நனையும். எனவே பயன்படுத்திய உடனே, காயும் முன், கழுவ வேண்டும். முதல் நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிநீரைக் கொட்டினால் புரதம் உறைந்து பள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும். வாசனையில்லாத மென்சோப்பைக் குழைத்து, குழந்தைகளுக்கான மென்மையான டூத்பிரஷால் பள்ளம் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். அந்த பிரஷை வேறெதற்கும் எடுக்கக் கூடாது. கடின நாரோ கம்பி நாரோ போடும் கீறல்தான் அடுத்த அழுக்குக்கு இடம். சோப்பு மிச்சமின்றி அலசுவதும் அவ்வளவே முக்கியம். யோனியின் இயல்பான பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை, காரச் சோப்பு அந்த அமிலத்தன்மையைக் குலைக்கும்.

4. வெப்பமும் வேதிப்பொருளும்

மோட்டார் இல்லாத முழுச் சிலிக்கோனை 5 முதல் 10 நிமிடம் கொதிக்கவிடலாம். பாத்திரத்தின் அடி தொடாமல் மூழ்கியிருக்க வேண்டும். மோட்டார் உள்ளதைக் கொதிக்கவிடக் கூடாது. ஐ.பி.எக்ஸ். 7 என்ற நீர்த்தடுப்புக் குறி, ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. வெப்பத்துக்கு அது உறுதி தராது. சிலிக்கோன் வழுக்குக் களிம்பு சில சிலிக்கோன்களை உப்பவைக்கும். நீர் அடிப்படையிலானதே பாதுகாப்பு. ஆசனவாயில் பயன்படுத்தியதையும் பிறர் பயன்படுத்தியதையும் கிருமிநீக்கம் செய்யாமல் அப்படியே பிறப்புறுப்பில் பயன்படுத்தவே கூடாது.

5. உலர்த்தலும் விலக்கலும்

ஈரத்தோடு பையில் போட்டால் கழுவிய உழைப்பு வீண். பஞ்சு உதிராத துணியால் ஒற்றி, பள்ளங்கள் காற்றில் முழுதும் உலர்ந்த பின்னரே, மற்றப் பொருள்களோடு உரசாதபடி தனிப் பையில் வைக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் கீறலோ வெடிப்போ தெரிந்தால், அல்லது மேற்பரப்பு பிசுபிசுத்தால், அதை இனிக் கழுவிப் பயனில்லை. தூக்கி எறிந்துவிட வேண்டும்.