அமேசிங் கிரேஸ் (1972 இசைத்தட்டு)

அமேசிங் கிரேஸ் அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் (1942–2018) பாடிய காஸ்பல் இசைத்தொகுப்பு. போதகர் ஜேம்ஸ் கிளீவ்லாந்தும் சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி குவையர் என்ற பாடகர் குழுவும் அவருடன் பாடினர். 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரு இரவுகளில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தென்பகுதியிலுள்ள நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தில், சபையார் முன்னிலையில் இது பதிவாயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதம் அட்லாண்டிக் நிறுவனம் இதை இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. அரீத்தாவின் இசைத்தட்டுகளில் அதிகம் விற்றது இதுதான். அமெரிக்காவில் இரட்டை பிளாட்டினம் சான்றும், சோல் காஸ்பல் பிரிவில் கிராமி விருதும் பெற்றது. புகழின் உச்சியிலிருந்த பாடகி தாய்வீடான தேவாலயத்துக்குத் திரும்பி வந்த கதையாகவே இதைப் பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கதை பாடகியின் குரலை விளக்கும். இசைத்தட்டில் உண்மையில் ஒலிப்பதை விளக்கப் போதாது. பாடகியை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைப்பதற்குப் பதிலாக, ஒலிப்பதிவுக் கருவிகளைச் சபை கூடிய இடத்துக்குக் கொண்டுபோனதே இத்தொகுப்பின் இசை வடிவத்தைத் தீர்மானித்தது என்பதும், சபையார் இங்கே கேட்பவர்களாக மட்டும் நில்லாமல் இசைப்பவர்களாகவும் இயங்கினார்கள் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முன்னோடிகள்

தேவாலயத்துக்குள் ஒலிவாங்கி நுழைந்தது இத்தொகுப்பால் அல்ல. டெட்ராய்ட் நகரின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபையின் போதகர் சி. எல். ஃபிராங்க்ளின், அரீத்தாவின் தந்தை. அவருடைய பிரசங்கங்களை ஜோ வான் பேட்டில் என்ற இசைத்தட்டுக் கடைக்காரர் 1950களிலேயே பதிவு செய்து விற்றார். கறுப்பின மக்களிடையே அவை நாடெங்கும் பரவின. 1956இல் அதே சபையில், அரீத்தா பதினான்கு வயதுச் சிறுமியாகப் பியானோ வாசித்துப் பாடியதும் அதே கடைக்காரரால் பதிவாயிற்று. அந்தப் பழைய பதிவிலேயே சபையாரின் கூக்குரல் பாட்டோடு பின்னிக் கிடக்கிறது. கிளீவ்லாந்தின் அனுபவம் இதைவிட நேரடியானது. சிகாகோவில் பிறந்த அவர், தாமஸ் டார்சி இசைப்பொறுப்பு வகித்த பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையில் பாடி வளர்ந்தவர். பின்னர் நியூ பெத்தேலிலும் இசைப்பணி செய்தார். 1963 செப்டம்பர் 19 அன்று நியூ ஜெர்சி மாநிலம் நியூவார்க் நகரில், ஏஞ்செலிக் குவையருடன் அவர் தேவாலயத்துக்குள்ளேயே பதிவு செய்த பீஸ் பி ஸ்டில், ஆராதனைச் சூழலோடு வெளிவரும் பாடகர் குழு இசைத்தட்டுக்கு ஒரு முன்மாதிரியாயிற்று. 1972இல் கிளீவ்லாந்தை உடன் சேர்த்தது பெயருக்காகச் செய்த காரியம் அல்ல. சபையைக் கலைக்காமல் பதிவு செய்யும் கலையை அறிந்த ஒருவரைச் சேர்த்ததாகும்.

இடமும் ஏற்பாடும்

பதிவு நடந்த தேவாலயம் முன்பு திரையரங்காக இருந்த கட்டடம். திரை இருந்த பக்கம் பிரசங்க மேடையும் பாடகர் குழுவின் இருக்கைகளும் வந்திருந்தன. சாய்வான தரையில் விசுவாசிகள் அமர்ந்தார்கள். வாலி ஹைடர் நிறுவனத்தின் ஒலிப்பதிவு வண்டி வெளியே நின்றது. உள்ளேயிருந்த மைக்குகள் கம்பிவழி அதனோடு இணைந்திருந்தன. தயாரிப்புப் பொறுப்பு ஜெர்ரி வெக்ஸ்லர், அரிஃப் மார்டின், அரீத்தா ஆகிய மூவருடையது. கிதாரில் கார்னெல் டுப்ரீ, பேஸ் கிதாரில் சக் ரெய்னி, டிரம்ஸில் பெர்னார்ட் பர்டி, காங்கோ முழவில் பாஞ்சோ மொரால்ஸ், ஆர்கனில் கென் லப்பர், பியானோவில் கிளீவ்லாந்து. சில பாடல்களுக்கு அரீத்தாவே பியானோ வாசித்தார். பாடகர் குழுவை நடத்தியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன்.

இந்த ஏற்பாட்டின் விளைவைப் புரிந்துகொள்ள, ஒலிப்பதிவுக் கூடம் எப்படி வேலை செய்கிறது என்பதை நினைக்க வேண்டும். கூடத்தில் பாடகர் தனி அறையில் நிற்பார். மற்றவர்களை ஹெட்ஃபோன் வழியே கேட்பார். ஒருவர் ஒலி இன்னொருவர் மைக்கில் கசியாமல் தடுப்பதே பொறியாளரின் முதல் கவலை. கசிவு இல்லாவிட்டால்தான் ஒரு குரலைத் தனியே திருத்தலாம், வேண்டுமானால் நீக்கிவிட்டு மறுபடி பாடவைக்கலாம். தேவாலயத்தில் இது நடவாது. பாடகர் குழுவின் மைக்கில் டிரம்ஸ் விழும். மேடை மைக்கில் குழுவின் குரல் விழும். எல்லா மைக்கிலும் சபையாரின் கைத்தட்டலும் ஆமென்களும் விழும். ஒன்றைப் பின்னால் மாற்றப் போனால் மற்றதும் அசையும். ஆகவே அந்த நொடியில் நடப்பதை நம்புவதைத் தவிரப் பொறியாளருக்கு வேறு வழி அதிகம் இல்லை. கூடத்தில் குறையாகக் கருதப்படும் கசிவே, ஒரே இடத்தில் ஒரே மூச்சில் பலர் பாடுகிறார்கள் என்ற உணர்வை இங்கே கேட்பவருக்குத் தருகிறது.

சபையார் செய்த வேலை

தலைப்புப் பாடல் முதல் சான்று. அதன் வரிகளை எழுதியவர், அடிமைக் கப்பல் தலைவராக இருந்து பின்னர் குருவான ஆங்கிலேயர் ஜான் நியூட்டன். 1779இல் அவை அச்சாயின. கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளில் இத்தகைய பழைய கீர்த்தனைகளுக்கு ஒரு தனிப் பாடுமுறை உண்டு. முன்னே நிற்பவர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, சபை அதைத் தாளக்கட்டுக்குள் அடங்காத மிக மெதுவான நடையில், ஒவ்வொரு அசையையும் இழுத்து வளைத்துப் பாடும். அரீத்தாவின் பாட்டு அந்த முறையின் வழிவந்தது. ஏறக்குறைய 11 நிமிடம் ஓடுகிறது. வரிகள் கொஞ்சமே, அந்த நேரத்தை நிரப்புவது ஒரு சொற்றொடருக்கும் அடுத்ததற்கும் இடையே நிகழும் பரிமாற்றம். அவர் ஒரு அசையை நீட்டுகிறார். கூட்டத்திலிருந்து குரல் எழுகிறது. அந்தக் குரலின் வேகம் பார்த்து அடுத்த சங்கதியை மேலே கொண்டுபோவதா, அங்கேயே நிறுத்துவதா என்று முடிவு செய்கிறார். நம் ஊர்ப் பஜனையில் முன்பாட்டுக்காரர் அடுத்த அடியை எப்போது எடுப்பது என்பதைப் பின்பாட்டின் சூடு தீர்மானிப்பது போல, இங்கே பாட்டின் நீளத்தைச் சபை தீர்மானிக்கிறது. தாளம் கட்டிப்போடாத பாட்டில் இந்தப் பதில் குரல்தான் காலக்கணக்கு. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது நீண்ட இடைவெளிகள் கொண்ட தனிப்பாட்டு.

இரண்டாவது சான்று ஓர் ஒப்பீடு. டுப்ரீ, பர்டி இருவரும் 1971 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அரீத்தாவுக்கு வாசித்தவர்கள். அந்தக் கச்சேரியும் நேரடி இசைத்தட்டாக வந்தது. அதே பாடகி, அதே இரு வாத்தியக்காரர்கள், ஓராண்டுகூட ஆகாத இடைவெளி. ஃபில்மோர் கூட்டமும் உற்சாகமானதுதான். ஆனால் அங்கே பாராட்டு பெரும்பாலும் பாட்டு முடிந்ததும் வெடிக்கிறது. பாட்டுக்குக் கொடுக்கும் பரிசு அது. தேவாலயத்தில் பதில் பாட்டுக்குள்ளேயே வருகிறது. எப்போது கைத்தட்ட வேண்டும், எந்தச் சொல்லுக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத பழக்கம் அது. மேரி, டோன்ட் யூ வீப் பாட்டில் அரீத்தா லாசருவின் கதையை விரித்துச் சொல்லும் இடத்தில் இது தெளிவு. குழு அடிவரியைத் திரும்பத் திரும்பப் பாடித் தளம் அமைக்க, அவர் அதன்மேல் பிரசங்கியைப் போல் கதை நடத்துகிறார். கேட்பவர்களின் குரல் அந்தக் கதையை முன்னே தள்ளுகிறது. கதை முன்னமே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதையை மறுபடி நிகழவைப்பதற்குத்தான் ஒரு சபை வேண்டும்.

மறுப்புகள்

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது, அந்த இரவுகள் உண்மையான ஆராதனை அல்ல என்பது. வியாபார நிறுவனம் ஒன்று பணம் போட்டது. படப்பிடிப்பு விளக்குகள் எரிந்தன. இரண்டாம் இரவில் பின்வரிசையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரும் சார்லி வாட்ஸும் இருந்தார்கள். குழு முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தது. ஹோலி ஹோலி, கிளைம்பிங் ஹையர் மவுண்டன்ஸ் உள்ளிட்ட சில பாடல்கள் இரு இரவிலும் பாடப்பட்டன. இவை அத்தனையும் உண்மை. ஆனால் ஒத்திகை ஆராதனைக்குப் புறம்பானதல்ல; எந்தத் தேவாலயத்திலும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் குழு ஒத்திகை பார்க்கிறது. ஒரே பாட்டு மறுநாளும் பாடப்படுவது சபைகளில் வழக்கமே. கூட்டம் நடிக்க மட்டும் வந்திருந்தால், இரு இரவிலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் கத்தியிருக்கும். நடந்தது அப்படியல்ல என்பதை, 1999இல் இரு இரவுகளின் பதிவும் நிகழ்ச்சி வரிசையில் வெளிவந்தபோது கேட்டவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. முதல் இரவில் தலைப்புப் பாட்டின்போது கிளீவ்லாந்தே பியானோவை விட்டு விலகி முகம் புதைத்து அழுதார். வாத்தியக்காரர் வாசிப்பை நிறுத்துவது எந்த ஒலிப்பதிவுத் திட்டத்திலும் இடம்பெறாத செயல்.

இரண்டாவது மறுப்பு, 1972 தட்டே ஒரு தொகுப்பாளரின் படைப்பு என்பது. முதல் இரவின் தொடக்கத்தில் அரீத்தா பாடிய ஹோலி ஹோலி, தட்டில் நான்காம் பக்கத்துக்குப் போனது. இரண்டாம் இரவில் பாடிய மேரி, டோன்ட் யூ வீப் தட்டின் முதல் பாட்டாயிற்று. ஆக, வீட்டில் கேட்பவர் பெற்றது நடந்த ஆராதனையின் வரிசையை அல்ல. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் தொகுப்பாளர் மாற்றியது பாடல்களின் வரிசையை. ஒரு பாட்டுக்குள் நிகழும் அழைப்பும் பதிலும் வரிசை மாற்றத்தால் கலைவதில்லை. இங்கே முன்வைக்கப்படும் வாதம் அந்த அளவில்தான் நிற்கிறது.

மூன்றாவது மறுப்பு பாடல் தேர்வைப் பற்றியது. ஹோலி ஹோலி, மார்வின் கே 1971இல் வெளியிட்ட பாட்டு. யூ'ல் நெவர் வாக் அலோன், 1945இல் மேடையேறிய கேரசல் இசை நாடகத்திலிருந்து வந்தது. காரோல் கிங்கின் யூ'வ் காட் எ ஃபிரண்ட், டார்சியின் பிரெஷியஸ் லார்ட் கீர்த்தனையோடு இணைக்கப்பட்டது. உலகப் பாட்டுகளைக் கலந்தால் ஆராதனை இசை எப்படி ஆகும் என்ற கேள்வி நியாயமானது. அது பழைய கேள்வியும்கூட. காஸ்பல் இசையின் தந்தை எனப்படும் டார்சியே ப்ளூஸ் பியானோக்காரராகத் தொழில் தொடங்கியவர். அவருடைய கீர்த்தனைகளையும் முதலில் பல சபைகள் சந்தேகத்தோடு பார்த்தன. ஒரு பாட்டு எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், அதற்குச் சபை ஆமென் சொல்கிறதா என்பதே அந்த மரபில் நடைமுறைச் சோதனையாக இருந்துவந்திருக்கிறது. இரண்டாம் இரவில் பேசிய சி. எல். ஃபிராங்க்ளின், தம் மகள் தேவாலயத்தை விட்டு ஒருபோதும் போனதில்லை என்று சொன்னது அந்தச் சோதனையின் முடிவை உரக்க அறிவித்ததே.

கூடங்களிலேயே சிறந்த காஸ்பல் பதிவுகள் உருவாகவில்லையா என்றும் கேட்கலாம். உருவாகியிருக்கின்றன, மஹாலியா ஜாக்சன் கொலம்பியா நிறுவனத்துக்குப் பாடியவை போதும் சாட்சிக்கு. தாளமும் அமைப்பும் முன்கூட்டியே முடிவான பாட்டைக் கூடத்தில் அருமையாகப் பதிவு செய்யலாம். பதிலைக் கேட்டுக் கேட்டு வளரும் பாட்டுக்குத்தான் பதில் சொல்பவர்கள் அங்கே இருக்க வேண்டும்.

திரைப்படம் தரும் சான்று

இரு இரவுகளையும் சிட்னி போலக் தலைமையிலான குழு வார்னர் நிறுவனத்துக்காகப் படம் பிடித்தது. ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் கிளாப் பலகை அடிக்காததால், படத்தையும் ஒலியையும் அப்போது பொருத்த முடியாமல் போயிற்று. சுருள்கள் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தன. பின்னர் ஆலன் எலியட் அவற்றை வாங்கி, டிஜிட்டல் முறையில் ஒலியோடு இணைத்தார். திரையிடுவதை எதிர்த்து அரீத்தா வழக்குத் தொடுத்ததால், அவர் மறைவுக்குப் பிறகு 2018 நவம்பரில்தான் படம் வெளியானது. ஒலித்தட்டில் முகமற்ற குரல்களாகக் கேட்டவை இப்படத்தில் ஆட்களாகத் தெரிகின்றன. ஹாமில்டன் அரீத்தாவின் அடுத்த நகர்வை ஊகித்து அந்த நொடியில் குழுவுக்குக் கைகாட்டுகிறார். தலைப்புப் பாட்டின்போது அமர்ந்திருக்க வேண்டிய குழுவினரே இருக்கையைவிட்டு எழுந்து குரல் கொடுக்கிறார்கள். அரீத்தாவோ பாட்டுக்கு வெளியே மிகக் குறைவாகவே பேசுகிறார். கூட்டத்தைக் கிளப்பிவிடும் மேடைத் தந்திரம் எதையும் அவரிடம் காண முடியாது. தலைமைப் பாடகி இவ்வளவு ஒடுங்கி நிற்க, இவ்வளவு எழுச்சி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இருக்கைகளைக் காட்டும் காட்சிகளே விடை.

மதிப்பீடு

இவற்றால் அரீத்தாவின் மேதைமை குறைந்துவிடாது. பதினான்கு வயதில் டெட்ராய்ட்டில் பாடிய நெவர் க்ரோ ஓல்ட் கீர்த்தனையை 29 வயதில் அவர் மீண்டும் எடுத்தபோது, குரல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது எவர் காதுக்கும் புலப்படும். ஆனால் அந்தக் குரல் இரு பதிவுகளிலும் ஒரு சபையின் நடுவிலிருந்தே எழுகிறது. அதன் பயிற்சியே பதில் கேட்டுப் பாடும் பயிற்சி. தட்டின் அட்டை கிளீவ்லாந்தையும் பாடகர் குழுவையும் அரீத்தாவோடு சேர்த்துப் பெயரிடுகிறது. இங்கே சொன்ன சான்றுகள் சரியென்றால், அந்தப் பட்டியலில் நியூ டெம்பிள் சபையில் அமர்ந்திருந்தவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. ஆராதனை இசையைப் பதிவு செய்ய எண்ணும் எந்தச் சபைக்கும் இதிலிருந்து நடைமுறையான ஒரு முடிவு கிடைக்கிறது: சத்தமில்லாத அறையைத் தேடுவதற்கு முன், பாட்டுக்கு அந்தச் சத்தம் வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டும். வேண்டுமென்றால், மைக்கு வைக்கவேண்டிய முதல் இடங்களில் விசுவாசிகளின் இருக்கையும் ஒன்று.