டெலிபோன் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு பெட்டி

நம் ஊர் சொல்தா குடும்பங்களில் 'மினிதெல்' என்ற சொல்லைக் கேட்டவர்கள் இன்னும் இருப்பார்கள். 1980-களில் பிரான்சில் பல வீடுகளில் இருந்த பெட்டி அது. சின்னத் திரை, மடக்கி வைக்கும் விசைப்பலகை. டெலிபோன் லைனில் இணைத்தால் ரயில் டிக்கெட் பதிவு செய்யலாம், பரீட்சை ரிசல்ட் பார்க்கலாம். இன்டர்நெட் என்ற பேச்சே நம் பக்கம் இல்லாத காலம். இந்தப் பெட்டி உருவானது ஓர் அரசாங்கக் கொள்முதலால் என்பதுதான் விசேஷம்.

1970-களின் தொடக்கம் வரை பிரான்சில் டெலிபோன் கிடைப்பது குதிரைக்கொம்பு. பாரிசுக்குப் பக்கத்திலிருக்கும் ஆனியேருக்குப் பேச நியூயார்க் வழியாகப் போக வேண்டியிருந்தது என்று பெர்னான் ரேனோ நடித்த நகைச்சுவை அங்கே வெகு பிரசித்தம். பிறகு அரசு முனைந்து லட்சக்கணக்கில் இணைப்புகள் கொடுத்தது. உடனே அடுத்த தலைவலி: டெலிபோன் புத்தகம் ஆண்டுக்காண்டு பருத்தது, அச்சாகி வருவதற்குள் பழசானது.

தொலைத்தொடர்புத் துறையின் தலைவராக இருந்தவர் ழெரார் தெரி. அவர் காலத்தில் துறை, சந்தையில் கிடைக்கும் சாமானுக்கு டெண்டர் போடவில்லை. "புத்தகம் இல்லாமல் சந்தாதாரர் நம்பரைக் கண்டுபிடிக்க வேண்டும்" என்ற தேவையை முன்வைத்தது. 1980-இல் சேன்மாலோவில் ஐம்பத்தைந்து பேரிடம் மட்டும் சோதனை. 1981-இல் வெலிசி பகுதியில் சுமார் 2,500 வீடுகள். குறைகளைத் திருத்திய பிறகே பெரிய ஆர்டர்கள். லட்சக்கணக்கில் வாங்க அரசே இருக்கிறது என்று தெரிந்ததால் கம்பெனிகள் துணிந்து உற்பத்தியில் இறங்கின. பெட்டி சந்தாதாரருக்கு இலவசம்.

1984-இல் இன்னொரு கதவு திறந்தது. வெளியாரும் மினிதெலில் சேவை நடத்தலாம். கட்டணத்தைத் துறையே டெலிபோன் பில்லில் வசூலித்து, நடத்துபவருக்குப் பங்கு கொடுத்தது. தொண்ணூறுகளில் பெட்டிகள் 60 லட்சத்தைத் தாண்டின. சேவைகள் 20 ஆயிரத்துக்கும் மேல்.

குறையும் உண்டு. அது பிரான்சுக்குள் மட்டுமே ஓடிய வண்டி. உலகம் இன்டர்நெட்டுக்கு மாறியபோது, கையிலிருந்ததே போதும் என்ற எண்ணம் வேகத்தைக் குறைத்தது. 1997-இல் பிரதமர் ழொஸ்பேன், மினிதெல் புதியவற்றுக்குத் தடையாகலாம் என்று வெளிப்படையாகவே பேசினார். 2012 ஜூன் 30-இல் சேவை நின்றது.

கொள்முதல் ஃபைல் பார்த்த நண்பர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நம் ஆபீசுகளில் இன்டென்ட் எழுதும்போது, போன தடவை வாங்கிய சாமானின் விவரத்தையே பிரதி எடுப்போம். மூன்று கொட்டேஷன், குறைந்த விலை, கையெழுத்து. புதிதாக ஒன்றை வாங்கி அது சரிப்படாவிட்டால் ஆடிட் ஆட்சேபம் வரும். பழையதையே வாங்கி ஜனங்கள் கால்கடுக்க நின்றால் யாரும் கேட்பதில்லை. குமாஸ்தாவைக் குறை சொல்லிப் பயனில்லை, விதி அப்படி.

ஆனால் முதலில் ஐம்பத்தைந்து பேருக்கு வாங்கிப் பார்க்க விதி இடம் கொடுத்தால், தோற்றாலும் நஷ்டம் சிறிது. ஜெயித்தால் லாபம் ஜனங்களுக்கு. சாமானின் பெயரை எழுதும் முன் அவர்களுடைய தேவையை எழுத வேண்டும், அவ்வளவுதான்.