பழுதுக் குறியீடு (தானுந்து)

பழுதுக் குறியீடு என்பது தானுந்தின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, தான் கண்டறிந்த கோளாற்றைப் பதிவு செய்யும் குறியீடு ஆகும். இது ஓர் எழுத்தும் அதைத் தொடரும் நான்கு குறிகளும் கொண்டது. கோளாறு உறுதியானதும் முகப்புப் பலகையில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும். ஐக்கிய அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரித் தானுந்துகள் முதல் ஓபிடி-2 என்னும் பொதுச் சீர்தரம் கட்டாயமாக்கப்பட்டது. இதன்படி அமைந்த 16 முனை இணைப்பியில் படிப்புக் கருவியைப் பொருத்திக் குறியீட்டை அறியலாம்.

பொருள் கொள்ளுதல்

குறியீடு கணினி உணர்ந்த அறிகுறியையே குறிக்கிறது. பழுதான உறுப்பை அன்று. எடுத்துக்காட்டாக, பி0171 என்பது எரிகலவையில் எரிபொருள் குறைந்து காற்று மிகுந்துள்ளதைக் குறிக்கும். இதைக் கண்டவுடன் ஆக்சிசன் உணரியை மாற்றுவது வீண்செலவாகலாம்.

பராமரிப்புக்குப் பின்

வழக்கமான பராமரிப்பு முடிந்தவுடன் விளக்கு எரிந்தால், அப்போது கழற்றி மாட்டப்பட்ட உறுப்புகளை முதலில் சோதிக்க வேண்டும். காற்று வடிகட்டியை மாற்றிய பின் உறிஞ்சு குழாய் சரியாக இறுக்கப்படாவிடில், காற்றோட்ட உணரி அளக்காத காற்று எஞ்சினுள் நுழையும். இதனால் பி0171 தோன்றலாம். அவ்வுணரியின் மின் இணைப்பி மாட்டப்படாமல் விடுபட்டால் பி0102 தோன்றலாம்.

குறியீட்டை அழித்தல்

குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும், காரணம் நீங்காது. கோளாறு நிகழ்ந்தபோது பதிவான வேகம், வெப்பநிலை முதலிய தரவுகளும் அழிந்துவிடும். எனவே அவற்றை முன்னரே குறித்துக் கொள்ளுதல் வேண்டும்.

விளக்கு விட்டுவிட்டு எரிவது, எஞ்சினில் எரிபொருள் முறையாக எரியவில்லை என்பதைக் குறிக்கும். எரியாத எரிபொருள் வினையூக்கி மாற்றியைச் சிதைக்கக்கூடும் என்பதால், அந்நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாகாது.