விண்டோஸ் 10: மாற்றுவதா, வைத்திருப்பதா?

கண்டி நகரில் கணினி திருத்தும் கடையொன்றுக்கு என் பழைய மடிக்கணினியைக் கொண்டுபோனேன். "போமட் பண்ணி விண்டோஸ் 11 போட்டுடலாமா அண்ணே?" என்று அங்கிருந்த தம்பி கேட்டார். வேண்டாம் என்று திருப்பி எடுத்துவந்தேன். போமட் செய்தால் உள்ளிருப்பவை அழிந்துவிடும். காணாமல் ஆக்கப்பட்ட தம்பியின் அடையாள அட்டைப் படம், காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, முல்லைத்தீவுக் காணி உறுதியின் ஸ்கான் எல்லாம் அதில்தான் இருந்தன. உறுதியின் மூலப்பிரதி 2009 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது.

விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்தியது. அதனால் கணினி இயங்காமல் போகாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்கள் நுழைவதற்கு அவை வழியாகலாம்.

முடிவெடுக்க முன்னர் செய்யவேண்டியது பிரதி எடுப்பதே. வெளி வன்தட்டில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். பிரதிகளைத் திறந்து சரிபாருங்கள். பாமினியில் தட்டச்சு செய்த பழைய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் சேமியுங்கள். அது இல்லாத கணினியில் தமிழ் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கடிதங்களை பி.டி.எப். ஆகவும் மாற்றிவைப்பது நல்லது.

அடுத்து, மைக்ரோசொப்டின் இலவச 'பி.சி. ஹெல்த் செக்' மென்பொருளால் கணினியைச் சோதியுங்கள். விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. ரம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி தேவை. தகுதி இருந்தால் 'விண்டோஸ் அப்டேட்' வழியாக இலவசமாகவே மாறலாம். போமட் தேவையில்லை, கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தகுதி இல்லையென்றால் உடனே புதுக் கணினி வாங்கவேண்டியதில்லை. வீட்டுப் பாவனையாளருக்கான நீடித்த பாதுகாப்புத் திட்டம் 2026 ஒக்டோபர் 13 வரை உண்டு. மைக்ரோசொப்ட் கணக்கில் உங்கள் அமைப்புகளைச் சேமித்தால் இலவசம். இல்லையேல் 30 டொலர். இன்னொரு வழி லினக்ஸ் மின்ட். அது இலவசம், வன்தட்டைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம்.

என்னுடையது 6ஆம் தலைமுறைக் கணினி. இப்போதைக்கு நீடித்த பாதுகாப்பைப் பதிந்திருக்கிறேன். தம்பியின் ஆவணங்கள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. இனி எதை மாற்றினாலும் பயமில்லை.