வெற்றிலைத் தோட்டமும் கச்சேரிப் பரீட்சையும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்துள்ளது களுதாவளைக் கிராமம். எழுவான்கரையின் இவ்வூர் வெற்றிலைச் செய்கைக்குப் பேர்பெற்றது. அங்கே தோட்டக்காரர் ஒருவர் புதிதாக ஓர் இளைஞனை வேலைக்கு அமர்த்துகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் என்ன பரீட்சை வைப்பார்? கொடியைக் கொம்பிலே கட்டச் சொல்வார். முற்றிய இலையையும் இளம் இலையையும் பிரித்துக் கிள்ளச் சொல்வார். கிள்ளியதை அடுக்கச் சொல்வார். ஒரு பகற்பொழுது கழிவதற்குள் அவனது கைத்திறன் தெரிந்துவிடும். அங்கே வேலையே பரீட்சை.

அதே ஊர் இளைஞன் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போனபோது அவனுக்கு எத்தகைய பரீட்சை வைக்கப்பட்டது? அது அவனது திறமையை அளந்ததா, பிறப்பை அளந்ததா? இக்கேள்விக்கு நமது நாட்டின் வரலாறு கூறும் விடையை நாம் சற்று ஆராய்வோம்.

பரீட்சை வைத்து ஆளெடுக்கும் முறை தோன்றிய காலத்தில் அது முற்போக்கான முறையாகவே தோன்றியது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரித்தானிய அரசாங்கப் பதவிகள் பிரபுக்களின் சிபாரிசிலே பங்கிடப்பட்டு வந்தன. 1854 இல் வெளிவந்த நோர்த்கோட் – ட்ரெவெலியன் அறிக்கை, சிபாரிசை ஒழித்துத் திறந்த போட்டிப் பரீட்சையை வைக்குமாறு கோரியது. மறு ஆண்டிலேயே இந்திய சிவில் சேவைக்கும் அத்தகைய பரீட்சை இலண்டனில் தொடங்கிற்று. சிபாரிசுக் கடிதத்தைவிட வினாத்தாள் மேலானது, இதில் ஐயமில்லை.

ஆனால், கதவைத் திறந்துவிட்டு வாசற்படியை உயர்த்தும் தந்திரத்தை ஆள்வோர் நன்கு அறிந்திருந்தனர். இந்தியாவில் உத்தியோகம் பார்க்க விரும்புபவன் கடல் கடந்து இலண்டன் சென்று பரீட்சை எழுதவேண்டும். 1863 இல் சத்தியேந்திரநாத் தாகூர் அதில் வெற்றிபெற்றார். இந்தியர் பின்னும் முன்னேறவே, 1878 முதல் வயதெல்லை 21 இலிருந்து 19 ஆகக் குறைக்கப்பட்டது. இந்திய மண்ணிலும் அப்பரீட்சை நடைபெறுவதற்கு 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரவிந்தர் எழுத்துப் பரீட்சைகளில் தேறியும், குதிரையேற்றப் பரீட்சையை நிறைவுசெய்யாமையால் 1892 இல் சேவைக்கு ஏற்கப்படவில்லை. குதிரையில் ஊரூராகச் சுற்றவேண்டிய அதிகாரிக்குக் குதிரையேற்றம் தேவை என்று வாதிடலாம். அவ்வாறாயின், குடியானவனோடு பேசத் தெரிவது அதனினும் தேவையல்லவா?

இலங்கையிலே அந்த உயர்ந்த வாசற்படி ஆங்கிலமாக அமைந்தது. கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் சிபாரிசுகளை ஒட்டி 1833 இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தங்கள், ஆங்கிலம் கற்ற சுதேசிகளுக்கு அரசாங்க சேவையின் கதவைத் திறந்தன. மட்டக்களப்பு நகரில் 1814 இலேயே மெதடிஸ்த மிஷனரியார் பள்ளி தொடங்கியிருந்தனர். நகரில் ஆங்கிலம் படித்தவன் லிகிதரானான். வாவியின் மறுகரையில், படுவான்கரை வயலில் உழுதவனின் மகனோ விண்ணப்பம் எழுதுவிக்க ஆள் தேடி அலைந்தான். கச்சேரிக்கு வந்தவன் பேசிய மொழி தமிழ். கச்சேரியின் ஏடுகள் பேசிய மொழி ஆங்கிலம். இரண்டுக்கும் நடுவே நின்றவன் சம்பளம் பெற்றான்.

இந்த அநீதி நீங்கவேண்டும், மக்களின் மொழியே ஆட்சியின் மொழியாக வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அக்கோரிக்கை 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டமாக உருவெடுத்தபோது, நாட்டு மக்களின் மொழிகள் இரண்டில் ஒன்றே அரியணை ஏறிற்று. 1958 ஆம் ஆண்டின் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம், தமிழில் கற்றவர் அரச சேவைப் பரீட்சைகளைத் தமிழிலேயே எழுதலாம் என்றது. கூடவே, போதிய சிங்கள அறிவை முன்னரே பெற்றிருக்கவோ, சேர்ந்த பின் குறித்த காலத்துள் பெறவோ வேண்டும் என்ற நிபந்தனைக்கும் இடம் வைத்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கை பிடித்துக்கொண்டது.

1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக்கும் பரவிற்று. ஏப்ரல் 17 இல் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 4 இல் திறைசேரி விடுத்த 560 ஆம் இலக்கச் சுற்றுநிருபம், சிங்களத் தேர்ச்சி பெறாத உத்தியோகத்தரின் சம்பள ஏற்றத்தில் கைவைத்தது. ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி வேலை பெற்றவனுக்கு, வேலையிற் பழுத்த பின் வேறொரு பரீட்சை வந்து சேர்ந்தது! அதனால் 1962 இல் தமது சம்பள ஏற்றத்தை இழந்த லிகிதர் கோடீஸ்வரன் நீதிமன்றம் சென்றார். எந்தச் சமூகத்தார்மீதும் பிறருக்கில்லாத சுமையை ஏற்றலாகாது என்ற அன்றைய அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு இச்சட்டம் முரணானது என, 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார். 1967 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. மொழியைப் பற்றிப் பேசாமல், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியரசின்மீது வழக்குத் தொடர முடியாது என்றது. தொடரலாம் என்று பிரிவிக் கவுன்சில் 1969 இல் விடையளித்து, மூலக் கேள்வியை மீண்டும் இலங்கைக்கே அனுப்பிற்று. அக்கேள்விக்கு இறுதி விடை கிடைக்குமுன் 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வந்து, அதன் அடித்தளத்தையே அகற்றிவிட்டது.

இவ்விடத்தில் இடதுசாரிகளாகிய நாம் நம் முகத்தையும் கண்ணாடியிற் பார்க்கவேண்டும். 1956 இல் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அம்மசோதாவை எதிர்த்து நின்றன; அது பெருமைக்குரியது. 1966 ஜனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகள் வந்தபோதோ, அதே கட்சிகள் எதிர்ப்பாளரின் அணியில் நின்றன. 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பு சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவின் கையில் இருந்தது. தனிச் சிங்களத்தை அரசியலமைப்பிலேயே பொறித்தது அந்த ஆவணம். தொழிலாளியின் சம்பள ஏற்றத்துக்காகக் கொடி பிடித்தவர்கள், ஒரு லிகிதரின் சம்பள ஏற்றத்தில் உறைந்திருந்த உரிமையைக் காணத் தவறினர்.

சிங்கள மக்கள் வாழும் மாவட்டத்தில் பணிபுரிபவன் சிங்களம் அறிந்திருக்க வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அங்கு அது வேலையின் தேவை. புளியந்தீவுக் கோட்டைக்குள் இருந்த மட்டக்களப்புக் கச்சேரிக்குக் காணித் தகராற்றோடு வந்த தோட்டக்காரனுக்கு எந்த மொழி தெரிந்த லிகிதர் தேவைப்பட்டார்? அவனுடன் பேசுவதற்கு அவசியமான மொழிக்குப் பரீட்சை இல்லை. அவன் அறியாத மொழிக்குப் பரீட்சை உண்டு. வேலையை விட்டுப் பரீட்சை விலகிய இடம் இதுவே.

இந்நோய் நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனம், கறுப்பினத்தவரை மிகக் குறைந்த கூலியுள்ள பிரிவிலேயே ஒதுக்கி வைத்திருந்தது. பாரபட்சத்தைத் தடைசெய்யும் சட்டம் 1965 யூலை 2 இல் நடைமுறைக்கு வந்த அன்றே, ஏனைய பிரிவுகளுக்குப் புதிதாகச் சேர்வோர் பள்ளிச் சான்றிதழுடன் இரண்டு பொதுப் பரீட்சைகளிலும் தேறவேண்டும் என்று அந்நிறுவனம் விதித்தது. முன்னரே சேர்ந்திருந்த வெள்ளையர் பலர், அச்சான்றிதழும் பரீட்சையும் இன்றியே, அதே வேலைகளைச் செவ்வனே செய்துவந்தனர்! வேலைக்குத் தொடர்புண்டு எனக் காட்ட முடியாத பரீட்சை, உள்நோக்கம் இல்லாவிடினும், ஓரினத்தாரை விலக்குமாயின் செல்லாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1971 இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கோடீஸ்வரன் கேட்ட கேள்விக்குக் கடல் கடந்த நாடொன்றில் விடை கிடைத்தது போலும்!

நமது நாட்டிலோ, 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்க ஓர் இனப்போர் மூள வேண்டியிருந்தது. 2007 யூலை 1 முதல் அரச சேவையிற் சேர்வோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் எனச் சுற்றறிக்கை வந்தது. சுமை இரு சாராருக்கும் பொதுவானது. ஆதலால் இதனை வரவேற்கலாம். ஆயினும் ஒரு பரீட்சையின் பெறுமதி, சான்றிதழ் பெறுவோரின் தொகையால் அளக்கப்படுவதன்று. மேசைக்கு முன்னால் நிற்கும் ஏழையின் காரியம் நடந்ததா என்பதே அதன் உரைகல்.

ஆசிரியர்களே, மாணவர்களே! பரீட்சையை ஒழி என்று நாம் கூறவில்லை. ஒழித்தால் சிபாரிசுக் கடிதமே திரும்பி வரும். எந்தப் பரீட்சையைக் கண்டாலும், இது எந்த வேலைக்கு, அந்த வேலை யாருக்கு என்று கேட்கப் பழகுவோம். களுதாவளைத் தோட்டக்காரர் இதை எந்தச் சுற்றுநிருபத்திலும் படித்தவரல்லர். அவர் இளைஞனின் கையில் கொடியைக் கொடுக்கிறார். அவன் கட்டுவதைப் பார்க்கிறார்.